ஐம்பத்தைந்து மைல்

நம் வயசுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பந்து எத்தனை வேகத்தில் போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு குடும்பமே ஏரிக்குள் இறங்கி நின்றது என்றால் அவர்கள் சிரிப்பார்கள். நாம் சிரிக்க மாட்டோம். நம் காலத்தில் மிஷின் கிடையாது, பெரியவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஒன்று சொல்லிவிட்டால் நாம் வாயைத் திறந்ததும் கிடையாது.

முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேனோ தெரியாது. எழுதியபின் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி கொஞ்சம் கூடுதலாக நின்றுவிடுவேன். ஒரு நாளும் ஒரு பிள்ளையிடமும் காரணம் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயசு, அண்ணனுக்குப் பதினேழு. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். நைனா, அதாவது எங்கள் அப்பா, பட்டுச்சேலை நெய்பவர். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் வைத்து நெய்கிற சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நைனா நடுவில் உட்காருவார், வலது பக்கம் கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ள அண்ணன் உட்காருவான். அண்ணன் எழுந்து போனால் தறி நின்றுபோகும். அவன் எழுந்து போவதிலேயே குறியாக இருந்தான்.

அந்த வருஷம் மழை பொய்த்து, மாசி மாசமே ஏரி வறண்டுவிட்டது. களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கால் வைத்தால் நத்தை ஓடு நொறுங்கும். கருவேல முள்ளைக் கழித்து, மண்ணைத் தண்ணீர் தெளித்து இடித்து, பையன்கள் ஒரு பிட்ச் போட்டிருந்தார்கள். தறியிலிருந்து விடுபட்ட நேரமெல்லாம் அண்ணன் அங்கேதான். வெயில் ஏறியபின் ஏரிக்குள்ளிருந்து ஒரு மக்கின வாசனை வரும், மீன் செத்த வாசனையும் சேறு காய்ந்த வாசனையும் கலந்து. இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் நான் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

அவன் ஓடிவருவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் நாலு எட்டு சோம்பேறி மாதிரி வரும். பிறகு என்ன ஆகுமோ, ஆளே மாறிவிடுவான். கை மேலே போவதுதான் தெரியும், பந்து தெரியாது. கார்க் பந்து, தையல் பிரிந்து நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நூல் காற்றில் அடித்து உர்ரென்று ஒரு சத்தம் எழும். மட்டை பிடித்தவன் அந்தச் சத்தம் காதில் விழுந்தபிறகுதான் மட்டையைத் தூக்குவான். அதற்குள் பின்னால் குச்சி பறந்திருக்கும். சில நாள் விரலை ஒரு மாதிரி இழுத்துவிடுவான், பந்து நேராக வந்து கடைசியில் உள்ளே திரும்பும். எப்படிண்ணா என்று கேட்டால், "அதுவா போவுது பாப்பா, எனக்கின்னா தெரியும்" என்பான்.

எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் விசில், சட்டைப் பையில் நிறுத்துக் கடிகாரம். மெட்ராஸில் ஒரு மில்லில் கிரிக்கெட் டீம் இருக்கிறது, அங்கே அவருக்குத் தெரிந்தவர் இருக்கிறார், ஒரு மாசம் வைத்திருந்து பார்ப்பார்கள், பிடித்துப்போனால் மில்லிலேயே வேலையும் கொடுப்பார்கள் என்றார். அண்ணன் தறிக் குழிக்குள் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்த நாடா நின்றுவிட்டது.

நைனா கத்தவில்லை. அவர் கத்துகிற மனிதரே இல்லை. "வேகமா போட்றான்றீங்களே வாத்தியாரே, எவ்ளோ வேகம்?" என்று கேட்டார்.

"ரொம்ப வேகம்ங்க. இந்தப் பக்கத்துல இவன் மாதிரி போட்றவன் யாரும் இல்ல."

"ரொம்பன்னா? ஒரு அளவு கீதா இல்லியா அதுக்கு?"

"இருக்குது. பெரிய பெரிய ஆளுங்க மணிக்குத் தொண்ணூறு மைல் போட்றாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான்."

"அப்ப இவன் எத்தினி மைலு?"

மாஸ்டர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. நைனாவுக்குக் கண்ணால் பார்த்துச் சொல்கிற பேச்சில் நம்பிக்கை கிடையாது. நெசவாளர் சொசைட்டியில் பட்டு வாங்கும்போது மற்றவர்கள் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்குவார்கள். இவர் நிறுத்துத்தான் வாங்குவார். "ஒரு மாசம் தறிய நிறுத்தணும்னா, நெசமாவே அவன் பெரிய ஆளான்னு எனக்குத் தெரியணும். பெரிய ஆளுன்னா நானே பஸ் ஏத்தி வுட்றேன். இல்லன்னா அங்க போயி அசிங்கப்பட்டு வரவேணாம், புள்ளைக்குத்தான் மனசு ஒடையும்" என்றார். நியாயமான பேச்சுதானே? எனக்கும் அப்போது நியாயமாகத்தான் பட்டது.

மாஸ்டர் கடிகாரத்தை எடுத்துக் காட்டி, பந்து இந்தக் குச்சியிலிருந்து அந்தக் குச்சிக்குப் போக ஒரு வினாடிகூட ஆகாது, முள் அசையறதுக்குள்ள முடிஞ்சிடும், ஒரு பந்தை இதில் பிடிக்க முடியாது என்றார்.

நைனா சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அது அபூர்வம். "ஒரு இழைய தராசுல வச்சா முள்ளு அசையுமா வாத்தியாரே? அசையாது. அதுக்காவ பட்டு எவ்ளோ நயம்னு தெரியாமலா நெய்யறோம்? நூறு சுத்து சுத்தி சிட்டமா கட்டி நிறுப்போம். வந்த எடைய நூறால வகுத்தா ஒரு சுத்தோட எடை. அத்தினிதான். நூறு பந்து போடட்டும். நூறையும் சேத்துப் புடிங்க. நூறால வகுத்துக்கலாம்."

மாஸ்டர் வாயைப் பிளந்தார். அவர் கடிகாரத்தில் அது முடியும். ஒரு அமுக்கு அமுக்கினால் ஓடும், மறு அமுக்கில் நிற்கும், திரும்ப அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். பக்கத்துக் குமிழை அமுக்கினால்தான் முள் பழையபடி மேலே போய் நிற்கும். அப்படியென்றால் நூறு பந்தின் நேரமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். நைனா அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய புத்திசாலியாகத் தெரிந்தார் என்று சொல்ல முடியாது. கணக்கு டீச்சராகச் சொல்கிறேன், அந்த யோசனையில் ஒரு தப்பும் இல்லை. பட்டு இழைக்கு நூறாவது சுற்றில் முதுகு வலிக்காது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்குள் இறங்கினோம். நைனா தன் கெஜக்கோலால் இருபத்திரண்டு கெஜத்தைத் தானே அளந்தார். மாஸ்டர் ஏற்கெனவே அளந்திருந்தும் ஒத்துக்கொள்ளவில்லை. குச்சிக்குப் பின்னால் ஒரு தகரத்தை நிறுத்தினார்கள், பந்து பட்டால் சத்தம் கேட்கும் என்று. தகரத்தில் பட்ட பந்துதான் கணக்கு. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புளியங்கொட்டையை நைனா சொம்புக்குள் போடுவார். மாஸ்டருக்குக் கண் மங்கல், கடிகாரத்தை அவர் பிடித்தால் சரிப்படாது. "பாப்பா கிட்ட குடுங்க, அதுக்குக் கண்ணு கழுகு மாதிரி" என்றான் அண்ணன்.

அவன்தான் சொன்னான்.

கடிகாரம் கனமாக இருந்தது, உள்ளங்கை வியர்வையில் வழுக்கியது. அண்ணன் கையை விட்டு பந்து கிளம்பும்போது ஒரு அமுக்கு, தகரம் டங்கென்றதும் ஒரு அமுக்கு. என் வேலை அவ்வளவே. எங்கள் வீட்டில் நான் ஒரு ஆளாகவே இருந்ததில்லை. தண்ணீர் கொண்டுவா, விளக்குமாறு எங்கே, இந்த இரண்டு பேச்சுக்குமேல் என்னிடம் யாரும் பேசியதில்லை. அன்றைக்கு ஒவ்வொரு பந்துக்குப் பின்னும் மூன்று ஆண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "புடிச்சியா?" என்று நைனா கேட்பார். நான் தலையாட்டினால்தான் கொட்டை சொம்பில் விழும்.

முதல் இருபது பந்து தகரத்தைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி வந்தது. மாஸ்டர் நைனாவைப் பார்த்து, எப்படி என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார். நாற்பதில் அம்மா கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தாள். அண்ணன் நின்றபடியே குடித்துவிட்டு, சட்டையைக் கழற்றிப் பிழிந்தான். "போதும்பா, வெயில்ல புள்ள கருகறான்" என்றாள் அம்மா. "சிட்டத்த பாதில நிறுத்த முடியாது" என்றார் நைனா. எழுபதில் அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் போனான். மாஸ்டரும் அதைப் பார்த்தார், நைனாவும் பார்த்தார். "இன்னாடா?" "ஒண்ணுமில்ல நைனா, புடிச்சிக்கிச்சி." "வூட்ல எண்ணெ தேச்சிக்கலாம்." தகரத்தில் படாமல் போன பந்து எத்தனையோ. அவற்றை யாரும் எண்ணவில்லை.

இனிமேல் சொல்லப்போவதை இந்த வயசுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நடுவில் ஒன்றிரண்டு தடவை நிஜமாகவே விரல் வழுக்கி அமுக்காமல் விட்டேன். "வுட்டுட்டேன் நைனா" என்றேன். திட்டுவாரோ என்று பயந்தேன். அவர் திட்டவில்லை. "செரி, பரவால்ல, நல்லா பாத்து அமுக்கு" என்று அவ்வளவு பதமாகச் சொன்னார். அண்ணன் அந்தப் பந்தைத் திரும்பப் போட்டான். எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. எண்பதைத் தாண்டியபின் எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. நூறு முடிந்தால் கடிகாரம் மாஸ்டர் பைக்குப் போய்விடும், நான் பழையபடி விளக்குமாறு எடுக்கிறவள் ஆகிவிடுவேன். அதனால் சரியாகப் பிடித்த பந்தையும் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். ஒன்பது பந்து. எனக்கு எண்ணிக்கை தப்பாது.

ஒன்பதாவது பொய் தொண்ணூற்றாறாவது பந்துக்குச் சொன்னது. அண்ணன் என்னைப் பார்த்தான். கோபமில்லை. திரும்பி நடந்து போய், ஓடிவந்து, திரும்பப் போட்டான். போட்டவன் நிமிரவில்லை. மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்தது. அந்தப் பந்தும் தகரத்தில் பட்டது, நான் அமுக்கினேன், நைனா கொட்டையைப் போட்டார். "இன்னும் நாலே நாலுதான்டா" என்றார். அந்த நாலையும் அவன் போட்டான். எப்படிப் போட்டான் என்று கேட்காதீர்கள், பந்து உருண்டு போய்த்தான் தகரத்தைத் தொட்டது.

கடிகாரம் ஒரு நிமிஷம் இருபத்திரண்டு வினாடி காட்டியது. நைனா குந்தி உட்கார்ந்து மண்ணில் குச்சியால் வகுத்தார். அடியை மைலாக்கினார், வினாடியை மணியாக்கினார், திரும்ப அழித்து இன்னொரு தடவை போட்டார். ஐம்பத்தைந்து மைல்.

"தொண்ணூறு எங்க, அம்பத்தஞ்சு எங்க வாத்தியாரே" என்றார். ஜெயித்த குரல் இல்லை அது. பாவம், அவருக்கே வருத்தம். மாஸ்டர் கடிகாரத்தைக் காதருகே வைத்து ஓடுகிறதா என்று பார்த்தார். "கண்ணுக்கு அப்டித் தெரியலியே" என்று மட்டும் சொன்னார். கண்ணுக்குத் தெரிந்ததை நம்பி அவர் சண்டை போட்டிருக்கலாம். கணக்கைப் பார்த்ததும் பயந்துவிட்டார். மெட்ராஸ் பேச்சு அன்றோடு நின்றது. அண்ணன் மண்ணில் எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி நின்றான்.

அவன் முதுகு அதற்குப்பின் சரியாகவே இல்லை. எண்ணெய், ஒத்தடம், கட்டு எல்லாம் ஆயிற்று. ரொம்ப வருஷம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் முதுகெலும்பில் பழைய கீறல் என்றார்கள். தறிக் குழியில் அரை மணி நேரம்கூட உட்கார முடியாமல் போயிற்று. யாரைத் தறியைவிட்டு அனுப்பலாமா என்று அளந்து பார்த்தாரோ, அவன் தறிக்கும் உதவாமல் போனான். நைனா கூலிக்கு ஆள் வைத்து நெய்தார். அந்தத் தகரம் எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவாயிற்று, பந்து பட்ட பள்ளங்களோடு. அண்ணன் தினமும் அதைத் திறந்துகொண்டு போய்க் குளித்தான். கடைசிவரை நைனா, புள்ளையை ஏமாற்றாமல் உள்ளதைச் சொன்னேன் என்ற திருப்தியோடுதான் இருந்தார். அவர் நேர்மையானவர். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது, திட்டவும் வழியில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், சராசரிக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றுவிட்டேன். அந்த ஒன்பது பந்துக்கும் நான் கடிகாரத்தை அமுக்கியிருந்தேன். நேரம் ஏறிவிட்டது, கொட்டை விழவில்லை. நூற்றொன்பது பந்தின் நேரத்தை நைனா நூறால் வகுத்திருக்கிறார். அண்ணன் முதுகை மட்டுமா, அவன் வேகத்தையும் நான் தின்றிருக்கிறேன். பிள்ளைகள், "டீச்சர், அப்பறம்?" என்றார்கள். சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

போன மாசம் என்னிடம் படித்தவன் ஒருவன், காஞ்சிபுரம் ரோட்டில் கிரிக்கெட் பயிற்சி நடத்துகிறான், வந்து பாருங்க டீச்சர் என்று கூப்பிட்டான். வலைக்குள் பிள்ளைகள் பந்து போடுகிறார்கள். ஒவ்வொரு பந்துக்கும் திரையில் எண் விழுகிறது. வேகம் இவ்வளவு, சுழற்சி இவ்வளவு, எங்கே குத்தியது, எவ்வளவு திரும்பியது, பந்து போன பாதைகூடக் கோடாக. ஒரு பந்து போதும். ஒரே ஒரு பந்து. நான் அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரோ ஒருவருடைய கணக்கு மாதிரி அவனிடம் சொன்னேன். தூரம் இவ்வளவு, நேரம் இவ்வளவு, நடுவில் ஒன்பது பந்து கூடுதல். அவன் போனில் தட்டிப் பார்த்தான்.

"டீச்சர், மிஷினு கைய வுட்டுக் கெளம்பும்போதே வேகத்தப் புடிச்சிடும். பந்து தரையில குத்தினா வேகம் கொறஞ்சிடும். நீங்க சொல்றது மொத்த தூரத்துக்கும் சராசரி. அதுவுமில்லாம கையால அமுக்கறவங்க, போட்றவன் கை தூக்கும்போதே அமுக்கிடுவாங்க, சத்தம் கேட்டு கொஞ்சம் லேட்டா நிறுத்துவாங்க. அத்தெல்லாம் கழிச்சா எண்பது மைலுக்குக் கொறையாது. அதுவும் நூறு பந்து போட்ட களைப்புல. மொத பத்து பந்து இன்னும் மேல இருந்திருக்கும். யாரு டீச்சர் அது? எந்த டீம்ல ஆடினாரு?"

எந்த டீமிலும் இல்லை என்றேன்.

உத்திரமேரூரில் தாலுகா ஆபீஸ் எதிரே அண்ணன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். உட்கார முடியாது என்பதால் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறான், ஒரு பக்கம் சாய்ந்து. கணக்கை ஒரு தாளில் அழகாக எழுதிக்கொண்டு போனேன், ஒன்பது பந்தை மட்டும் எழுதாமல். முதலில் வேகத்தைச் சொல்லி அவன் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும், அந்த மலர்ச்சியில் அந்த ஒன்பதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். டீச்சர் புத்தி.

சொன்னேன். அவன் யாருடைய பட்டாவையோ மிஷினில் வைத்துக்கொண்டிருந்தான். "எத்தினி?" என்றான்.

"எண்பதுக்கு மேலண்ணா. நைனா கணக்கு தப்பு. நீ நெசமாவே வேகந்தான்."

தாளை வாங்கிப் பார்த்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தான். பட்டாவைக் கொண்டுவந்தவரிடம் நகலைக் கொடுத்து அனுப்பினான். பிறகு மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான்.

"முதுகு பூடுச்சே பாப்பா, அப்ப நா இன்னா சொல்லி மனச தேத்திக்கினேன் தெரியுமா? அம்பத்தஞ்சுதான, இந்த அம்பத்தஞ்சு போனா இன்னா பெருசா பூடப்போவுது, எப்டியும் நம்மள சேத்திருக்க மாட்டானுங்கன்னு. இத்தினி வருசமும் அத்த சொல்லிக்கினுதான் நின்னுக்கினு கீறேன்."

 அவன் தாளை இரண்டாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"அப்ப நெசமாவே இருந்துச்சா, பாப்பா? இருந்துதான் பூடுச்சா?"

ஒன்பது பந்து என் நாக்கு நுனியில் நின்றது. தாளைப் பைக்குள் வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.